டீசல் காரில் கை வைக்குமுன்

“வெளியில ஃபில்டர் மாத்தியிருக்கீங்க சார், இனிமே வாரண்டி கிடையாது.” சர்வீஸ் கவுன்டரில் இப்படிச் சொன்னதும் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையம், வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றது. தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம். உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் வழக்குக்குப் போனதும் உண்மை. ஆகவே வாய்ப்பேச்சு போதாது. ஆயில், ஃபில்டர் வாங்கிய பில்களையும், மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் குறித்த நோட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

ஆயில், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்பது எல்லாம் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்து நாமே செய்யக்கூடியவை. பிஎஸ்-6 டீசலுக்குக் கையேட்டில் சொன்ன தர ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாம்பல் அதிகம் தரும் ஆயில் புகைவடிகட்டியை அடைத்துவிடும். ஆயில் அளவு குறைந்தால் மட்டுமல்ல, தானாக ஏறினாலும் கவலைப்படுங்கள்: டீசல் அதில் கலந்திருக்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் படுக்க வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் விடாமல், பழைய ஆயில் எடுக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

எனக்குப் பயம் வேறொன்றில். டீசலில் ஏர் பிடித்துவிட்டால் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி, செல்ஃப் அடித்துக் காற்றை வெளியேற்றுவது பழைய லாரிக்காரர்களின் வித்தை. அப்பா செய்ததைப் பார்த்த பிள்ளை இன்றைய காமன் ரெயில் இன்ஜினிலும் அதையே செய்யப் போகிறான். இதில் டீசல் 1,600 பார், சில வண்டிகளில் அதற்கும் மேலான அழுத்தத்தில் ஓடுகிறது. கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவினால்கூட, கண்ணுக்குத் தெரியாத பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசிக் குத்தளவு புள்ளிதான் இருக்கும், முதலில் வலியும் பெரிதாக இராது. உள்ளே சதை அழுகத் தொடங்கியிருக்கும். அப்படிப் பட்டால் மஞ்சளும் களிம்பும் தடவிக் காத்திருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய், “அழுத்தத்தில் டீசல் உள்ளே ஏறிவிட்டது” என்று சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க நேரும்.

பங்க் டீசலில் தண்ணீர் வந்தால், அங்கேயே அடர்த்தியை அளந்து காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பில்லோடு, வடித்த டீசலில் கொஞ்சம் சுத்தமான பாட்டிலில் எடுத்து வையுங்கள்.

வாரண்டி மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போட்டுவிடுங்கள்.