பாதி நெய்த சேலை கடைக்கு வந்தால்?

ஆரணித் தறியில் பாதி நெய்த பட்டுச்சேலையை யாரும் கடைக்கு அனுப்புவதில்லை. பேராசிரியர்களும் பெரும்பாலும் அப்படித்தான். சக ஆய்வாளர்கள் சரிபார்த்த பிறகே ஆய்வை வெளியே விடுவார்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

2020-இல் கொரோனா பரவியதும் அந்த வழக்கம் தளர்ந்தது. ஏன்? ஒன்றுமே தெரியாத நேரத்தில் அரைகுறைத் தகவலுக்கும் மதிப்பு ஏறுகிறது. தாமதத்துக்கு உயிர்தான் விலை. ஜனவரி 11 அன்று சீன விஞ்ஞானிகள் வைரஸின் மரபணு வரிசையை இணையத்தில் திறந்துவைத்தார்கள். பரிசோதனைக் கருவிகளும் தடுப்பூசிகளும் அதை வைத்தே வேகம் பிடித்தன.

ஆனால் அவசரத்தில் பிழையும் சேர்ந்தே வரும். அதே மாதக் கடைசியில் தில்லி ஐஐடி ஆய்வாளர்கள் அடங்கிய குழு, வைரஸின் கூர்ப்புரதத்தில் எச்ஐவியை ஒத்த நான்கு துண்டுகள் இருப்பதாகச் சொல்லும், சரிபார்க்கப்படாத முன்பதிப்பு ஒன்றை வெளியிட்டது. துண்டுகளோ மிகச் சிறியவை. அவ்வளவு குட்டி ஒற்றுமை எத்தனையோ உயிரிகளில் தற்செயலாகவே கிடைக்கும். உலகெங்கும் ஆய்வாளர்கள் இதைத் தவறென்று காட்ட, ஓரிரு நாளில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. சாதாரணக் காலத்தில் இந்தத் திருத்தத்துக்கு ஓராண்டுகூட ஆகலாம். அதாவது, திறந்த பகிர்வு பிழையையும் வேகமாகப் பரப்பும், திருத்தத்தையும் வேகமாகக் கொண்டுவரும். அந்தக் கட்டுரையை வைத்து வாட்ஸ்அப்பில் கிளம்பிய வதந்தி மட்டும் அத்தனை சீக்கிரம் அடங்கவில்லை.