பார்ட் டைம் சம்பளம் எதுவரை தாங்கும்?

"லோன் போட்டு அனுப்பிடலாம், அங்க போனதும் பையன் பார்ட் டைம் பார்த்து அடைச்சிடுவான்." விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பிள்ளையை வெளிநாட்டில் படிக்க வைக்க நினைக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடும். லோன் கிடைத்துவிடும், பார்ட் டைம் வேலையும் தேடினால் கிடைக்கும். ஆனால் அந்த வேலையின் சம்பளத்தில் லோனை அடைப்பது நடக்காத காரியம். ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எத்தனை மணி நேரம் வேலை பார்க்கலாம்?

இங்கே கல்லூரியில் படித்துக்கொண்டே முகூர்த்த நாளில் கேட்டரிங் பரிமாறப் போகிறவரையோ, தீபாவளி சீசனுக்கு ஜவுளிக்கடையில் நிற்கிறவரையோ எவ்வளவு நேரம் வேலை பார்த்தாய் என்று யாரும் கேட்பதில்லை. வெளிநாட்டில் மாணவர் விசாவே ஒரு நிபந்தனையோடுதான் வருகிறது.

பிரிட்டனில் பட்டப்படிப்பு, முதுகலை மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். விடுமுறையில் முழு நேரமும் பார்க்கலாம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 15, அடுத்த வாரம் 25, சராசரி 20 என்ற சமாதானம் செல்லாது. இரண்டு கடைகளில் வேலை பார்த்தால் இரண்டையும் கூட்டித்தான் 20. ஓராண்டு முதுகலையில் கோடைக்காலம் ஆய்வேடு எழுதும் காலம் என்பதால், பெரும்பாலும் அது விடுமுறைக் கணக்கில் சேராது. சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. அதனால் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் ஆப் டெலிவரி வேலையும் கூடாது. இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட ஆபத்து.

கனடாவில் 2024 நவம்பரிலிருந்து, கல்லூரி வளாகத்துக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், அதுவும் வகுப்பு தொடங்கிய பிறகுதான். ஜெர்மனியில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள்.

அமெரிக்காவில் கெடுபிடி அதிகம். வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் மட்டும் வாரம் 20 மணி நேரம். நூலகம், உணவகம், ஆய்வகம் என்று பல்கலைக்கழகத்துக்குள் கிடைப்பதுதான் வேலை. பெட்ரோல் பங்க், மோட்டல் என்று தனி அனுமதி இல்லாமல் வெளியே போய் நின்றால் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும்.

கையில் எவ்வளவு நிற்கும்?

பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். 21 வயது நிரம்பியவருக்கு 2026 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. வாரம் 20 மணி நேரம், ஒரு வாரம் விடாமல் உழைத்தால் மாதம் சுமார் 1,100 பவுண்டு. பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் 1,32,000 ரூபாய். இந்தத் தொகை ஊரில் காதில் விழும்போது மலைப்பாகத்தான் இருக்கும்.

செலவும் பவுண்டில்தான் என்பதை இங்கே மறந்துவிடுகிறோம். விசா கொடுக்கும்போது, லண்டனுக்கு வெளியே படிக்கும் மாணவருக்கு மாதச் செலவுக்கு 1,171 பவுண்டு வேண்டும் என்று பிரிட்டன் அரசே ஒரு கணக்கு வைத்திருக்கிறது, லண்டனில் 1,529. இதை 9 மாதத்துக்குக் கணக்கிட்டு, வங்கியில் 28 நாள் வைத்துக் காட்டச் சொல்கிறது. சட்டம் அனுமதிக்கும் முழு நேரமும் உழைத்தாலும், அரசு சொல்லும் சாப்பாட்டு, வாடகைச் செலவுக்கே 71 பவுண்டு குறைகிறது. ஃபீஸை இன்னும் நாம் தொடவே இல்லை.

மற்ற நாடுகளிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். கனடா, கியூபெக் தவிர்த்த மாகாணங்களில் தனியாகப் படிக்க வருபவர் ஓராண்டுச் செலவுக்கு 22,895 டாலர் காட்டவேண்டும் என்கிறது. டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் குறைந்தபட்சக் கூலி 17.60 டாலர், ஆண்டு முழுக்க வாரம் 24 மணி நேரம் உழைத்தால் 22,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஜெர்மனியில் நிலைமை மேல். 2026இல் குறைந்தபட்சக் கூலி 13.90 யூரோ, 140 நாளும் வேலை கிடைத்தால் 15,500 யூரோ வரும். விசாவுக்காக முடக்கக் கணக்கில் (பிளாக்ட் அக்கவுண்ட்) போட்டுக் காட்டவேண்டிய 11,904 யூரோவைவிட இது அதிகம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் ஃபீஸும் கிடையாது. ஆனால் அங்கே கடையில் நிற்கவே ஜெர்மன் பேசத் தெரியவேண்டும். அந்த மொழியை ஊரிலிருந்தே கற்றுக்கொண்டு போகிறவருக்குத்தான் இந்தக் கணக்கு பொருந்தும்.

போன மறுவாரமே வேலை கிடைக்கும் என்று நினைக்கவேண்டாம். வங்கிக் கணக்கு, வரி எண், அறிமுகம் எல்லாம் அமைந்து முதல் சம்பளம் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம்.

லோன் யார் தலையில்?

இருபது லட்சம் ரூபாய் லோன், 11 சதவீத வட்டி, பத்து ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 27,500 ரூபாய் கட்டவேண்டும். படிக்கும் காலத்திலும், முடித்த பின் பொதுவாக ஓராண்டு வரையிலும் வங்கிகள் தவணைக்கு அவகாசம் தரும். வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்: இருபது லட்சத்துக்கு ஆண்டுக்கு 2,20,000 ரூபாய்.

நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் பொதுத்துறை வங்கிகள் வழக்கமாக அடமானம் கேட்கும். இங்கே பல வீடுகளின் சொத்து நஞ்சையும் புஞ்சையும்தான். கடன் திரும்பி வராவிட்டால் நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுத்துக்கொள்ள வங்கிகளுக்கு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் வழிசெய்கிறது. விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தும் வயலை அடமானமாக ஏற்க வங்கிகள் தயங்கும். மனை, வீடு, வைப்புத்தொகை இருந்தால் பரவாயில்லை. இல்லாதவர்கள் நகைக்கடன், தனியார் நிதி நிறுவனம், வெளிவட்டி என்று போகிறார்கள். அங்கே தவணைக்கு அவகாசமெல்லாம் எதிர்பார்க்க முடியாது. பல இடங்களில் முதல் மாதத்திலிருந்தே வட்டி கட்டவேண்டும். அந்த வட்டிதான் அங்கே இருக்கும் பிள்ளையை விதியை மீறி வேலை பார்க்கத் தள்ளுகிறது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை உதவி. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விசாரித்துவிட்டுத்தான் கடனைப் பற்றி யோசிக்கவேண்டும்.

மீறினால் என்ன?

விசா ரத்து, நாடு திரும்புதல் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலாளியிடம் பிடி கொடுத்துவிடுகிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவில் 2015இல் 7-இலெவன் கடைகள் பலவற்றில் வெளிநாட்டு மாணவர்களுக்குச் சட்டப்படியான கூலியில் பாதியளவே கொடுத்தது அம்பலமானது. அப்போது வரம்பு இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம். அதைத் தாண்டி வேலை வாங்கிவிட்டு, புகார் செய்தால் உன் விசாதான் போகும் என்று மிரட்டினார்கள். சில கடைகளில் முழுச் சம்பளத்தையும் வங்கியில் போட்டு, பாதியைப் பணமாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பிறகு அந்த நிறுவனம் ஊழியர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல். இன்றைக்கும் பேஸ்லிப் இல்லாமல் கையில் பணம் தரும் வேலை என்றால் ஒதுங்கிவிடுவதே நல்லது.

வேலைக்காகவே பெயருக்குப் படிப்பில் சேர்வது இன்னும் மோசம். அமெரிக்காவின் மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தது. வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. சேர்ந்தவுடன் வேலைக்கு அனுமதி என்று தரகர்கள் ஆள் சேர்த்தார்கள். அதைப் பொறியாக வைத்து நடத்தியது அந்த நாட்டுக் குடிவரவுத் துறையே. 2019 ஜனவரி கடைசியில் முதற்கட்டமாகப் பிடிபட்ட 130 மாணவர்களில் 129 பேர் இந்தியர்கள்.

கிளம்புவதற்கு முன்

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றிருக்கவேண்டும். மாணவர்களை அனுப்பும் கன்சல்டன்சிக்கு அந்தப் பதிவு தேவையில்லை. எனவே அவர்கள் சொல்வதை நீங்கள்தான் சரிபார்க்கவேண்டும். பார்ட் டைம் வேலை உறுதி என்றால் எழுத்தில் கேளுங்கள்; தரமாட்டார்கள். மணி நேர வரம்பையும் கூலியையும் அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள், ஏனெனில் இவை ஆண்டுதோறும் மாறுகின்றன. படிப்பு முடிந்த பின் எத்தனை மாதம் தங்கலாம் என்பதும் முக்கியம். லோன் அடைவது அந்தக் காலத்து முழுநேரச் சம்பளத்தில்தான். பிரிட்டனில் இது இப்போது இரண்டு ஆண்டு. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் பட்டதாரிகளுக்கு, முனைவர் பட்டம் பெற்றவர் தவிர, 18 மாதமாகக் குறைகிறது.

கடைசியாக, ஒரு தாளில் ஃபீஸ், வாடகை, சாப்பாடு, வட்டி எல்லாவற்றையும் எழுதுங்கள். வரவுப் பக்கத்தில் பார்ட் டைம் சம்பளத்துக்கு நேராக முதல் ஆறு மாதத்துக்குப் பூஜ்யம் போடுங்கள். அதன் பிறகு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் ஏதாவது போடலாம். ஃபீஸுக்கும் வட்டிக்கும் வேறு வழி அந்தத் தாளில் தெரிந்தால் கிளம்பலாம். தெரியாவிட்டால் ஓராண்டு தள்ளிப்போட்டு, ஸ்காலர்ஷிப்புக்கும் ஃபீஸ் குறைந்த நாட்டுக்கும் முயற்சி செய்யலாம்.