மாலத்தீவு விடுமுறையும் கோலிசோடாவும்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

விடுமுறை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது பாட்டி ஊரும் பம்புசெட்டுக் குளியலும்தான். ஆனால் உலகச் செல்வர்கள் நாவில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. நீலக் கடல், வெண்மணல், தென்னை நிழல், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மீன்களோடு மீனாக ஒரு மணி நேரம்! இத்தகைய விடுமுறைக்குப் பெயர்பெற்ற நாடுகளுள் முன்வரிசையில் நிற்பது, குமரிமுனைக்குத் தென்மேற்கே இந்துமாக்கடலில் சிதறிக் கிடக்கும் மாலத்தீவு. 2024-ஆம் ஆண்டில் அங்குச் சென்ற சுற்றுலாப் பயணிகள் 20 இலட்சத்திற்கும் மேல். 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் வாழ்வோரோ, அயல்நாட்டுத் தொழிலாளரையும் சேர்த்து, சுமார் 5 இலட்சத்து 15 ஆயிரம் பேர்தாம்.

நான் அங்குச் சென்றவனல்லன். எங்கள் தெருவிலிருந்து போய், ஒரு விடுதித் தீவின் கம்ப்ரசர் அறையில் ஆறாண்டுகள் வேலை பார்த்துத் திரும்பிய அண்ணன் ஒருவர் சொன்ன செய்திகளும், முதலாண்டில் நாம் அனைவரும் நெட்டுருப் போட்ட இரண்டு வாயு விதிகளும் சேர்ந்தே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டின. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். இரவில் பாயில் விதியையும் ஹென்றி விதியையும் உரக்கப் படித்துக்கொண்டிருந்தபோது, “இது எதுக்கு ஆவும்ப்பா?” என்று அம்மா கேட்டார்கள். தேர்வுக்கு ஆகும் என்றேன். உயிருக்கும் ஆகும் என்பதை அண்ணனிடம் கேட்டுத்தான் அறிந்தேன்.

முதலில் அந்த நாட்டின் அமைப்பைச் சிறிது பார்ப்போம். மாலத்தீவு என்பது ஒரு தீவன்று. ஏறத்தாழ 1,190 சிறு தீவுகள், 26 வளையங்களாகக் கடலில் அமைந்துள்ளன. வடக்குத் தெற்காக 870 கிலோமீட்டர் நீண்டு கிடந்தாலும், நிலத்தையெல்லாம் கூட்டினால் 300 சதுர கிலோமீட்டர்தான் தேறும். கடல் மட்டத்திற்கு மேல் நிலத்தின் சராசரி உயரம் சுமார் ஒன்றரை மீட்டர். நம் வகுப்பறைக் கரும்பலகையின் மேல்விளிம்பு அதைவிட உயரம்! இவ்வளையங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘அடால்’ என்ற சொல்லே அந்நாட்டுத் திவேகி மொழியிலிருந்து சென்றதுதான். நமக்கும் அம்மக்களுக்கும் உள்ள உறவு பழையது. தூத்துக்குடித் தோணிகள் கட்டுமானப் பொருள்களும் காய்கறியும் ஏற்றிச் சென்ற கடல்வழி அது. அவர்கள் படகை ‘தோனி’ என்கிறார்கள். நம் பரதவர் ‘பார்’ என்னும் கடலடித் திட்டை அவர்கள் ‘ஃபரு’ என்கிறார்கள். தென்மாவட்ட வீடுகளில் இடித்துப் போடும் மாசிக் கருவாட்டின் பிறப்பிடமும் அதுவே.

இவ்வளையங்கள் எங்ஙனம் தோன்றின? 1842-இல் சார்லசு டார்வின் தம் நூலொன்றில் இதற்கு விளக்கம் தந்தார். கடலிலிருந்து எழுந்த எரிமலைத் தீவைச் சுற்றிப் பவள உயிர்கள் குடியேறுகின்றன. கடல்நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் கொண்டு அவை சுண்ணாம்புக் கூடுகளைக் கட்டுகின்றன. எரிமலை மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்கிறது. பவளமோ ஒளியைத் தேடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது. இறுதியில் மலை மறைந்து வளையம் மட்டும் எஞ்சுகிறது. வளையத்தின் நடுவே ஆழம் குறைந்த உட்கடல். விளிம்பில் மணல் சேர்ந்து உருவான தீவுகள். ஆக, அங்கே காலடியில் மிதிபடும் நிலம் கல்லோ களிமண்ணோ அன்று. முழுவதும் கால்சியம் கார்பனேட்டு. நம் ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் நுரைத்தெழும் அதே பொருள்!

இந்த நிலத்தை நம்பிச் சுற்றுலாத் தொழில் தொடங்கியது 1972-ஆம் ஆண்டில். அவ்வாண்டு அக்டோபரில் தலைநகர் மாலேக்கு அருகே திறந்த முதல் விடுதியின் பெயர் ‘குரும்பா’. திவேகியில் இளந்தேங்காய் என்று பொருள். நமது ‘குரும்பை’யை நினைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் ‘ஒரு தீவு, ஒரு விடுதி’ என்பது நடைமுறையாயிற்று. மக்கள் வாழும் தீவுகள் வேறு, விருந்தினர் தங்கும் தீவுகள் வேறு. 2009-க்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு தங்குமனைகள் பெருகின. இதனால் உள்ளூர்க் குடும்பங்களின் கையிலும் நாலு காசு புரண்டது. இது நல்ல மாற்றமென்றே நான் கருதுகிறேன்.

“விருந்தாளி பாக்குற தீவு ஒண்ணு, நாங்க பாக்குற தீவு ஒண்ணு” என்பார் அண்ணன். விருந்தாளி பார்ப்பது கரை. இவர்கள் இருப்பது நடு. தென்னை மறைவில் டீசல் ஜெனரேட்டர்கள், கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரம், சலவைக்கூடம், பணியாளர் குடியிருப்பு ஆகியவையெல்லாம் அங்கே. குடிநீர் முதல் குண்டூசி வரை ஒன்று தீவிலேயே செய்யப்பட வேண்டும், இல்லையேல் கப்பலில் வர வேண்டும். 1981-இல் விமான நிலையத் தீவருகே பாரில் மோதி மூழ்கிய ‘விக்டரி’ என்ற சரக்குக் கப்பல், விடுதிகளுக்கான பொருள்களைச் சிங்கப்பூரிலிருந்து ஏற்றி வந்ததேயாகும். இன்று அந்தக் கப்பலையே பார்க்கப் பயணிகள் மூழ்குகிறார்கள்!

இனி மூழ்குதலுக்கு வருவோம். இவ்விடுமுறையின் உயிர்நாடி அதுதான். இக்கட்டுரையின் உயிர்நாடியும் அதுவே.

முத்துக்குளித்த நம் முன்னோர், கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கினர். மேலே இழுத்த மூச்சுதான் கீழேயும். ஆழத்தில் நெஞ்சுக்குள் அந்தக் காற்று சுருங்கும்; மேலேறும்போது பழைய அளவுக்கு விரியும். அதற்குமேல் விரியாது. ஸ்கூபா என்னும் முறை அப்படியன்று. 1943-இல் பிரான்சு நாட்டில் குஸ்தோ, கன்யான் என்ற இருவரும் உருவாக்கிய கருவி, சிலிண்டரில் அடைத்த காற்றை, சுற்றியுள்ள நீரின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு அழுத்தத்தில் வாய்க்குத் தருகிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே 1, பத்து மீட்டரில் 2, இருபதில் 3, முப்பதில் 4.

இதைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். சிலிண்டரின் கொள்ளளவு 12 லிட்டர். அதில் 200 வளிமண்டல அழுத்தத்திற்குக் காற்று அடைத்திருக்கிறது. கடல்மட்டத்தில் அது 2,400 லிட்டர். நிமிடத்திற்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்குக் கரையில் இரண்டு மணி நேரம் வரும். இருபது மீட்டர் ஆழத்தில்? ஒவ்வொரு மூச்சும் மும்மடங்கு காற்றை விழுங்கும். எனவே 40 நிமிடம். முப்பது மீட்டரில் 30 நிமிடம். அதையும் கடைசிவரை செலவிடலாகாது. மேலேறக் கையிருப்பு வேண்டும். மாலத்தீவில் பொழுதுபோக்காக மூழ்குவோர் 30 மீட்டருக்குக் கீழே செல்லக் கூடாதென்பது சட்டம்.

முத்துக்குளிப்போனுக்கு மூச்சடக்கலே கலை. ஸ்கூபாவிலோ மூச்சடக்கினால் ஆபத்து! பத்து மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய 5 லிட்டர் காற்றை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், பாயில் விதிப்படி அது 10 லிட்டராக விரிய முயலும். நுரையீரலில் அதற்கு ஏது இடம்? ஆகவே முதல் வகுப்பிலேயே கற்பிக்கும் முதல் பாடம்: மூச்சை நிறுத்தாதே.

இரண்டாவது ஆபத்து மெதுவானது. அதுதான் கோலிசோடா விதி. அழுத்தம் கூடினால் நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும் என்றார் ஹென்றி. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆழத்தில் அது குருதியிலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைந்து தங்கிவிடுகிறது. கோலியை அழுத்தித் தள்ளியதும் ‘உஸ்’ என்று சோடா பொங்குகிறதே, ஏன்? அழுத்தம் சட்டென்று குறைந்ததால் கரைந்த வாயு குமிழியாக வெளிவருகிறது. மூழ்கியவர் விரைந்து மேலே வந்தால் அவர் குருதியே சோடாவாகும். மூட்டுகளில் கடும் வலி, பக்கவாதம், சில வேளை மரணம். எனவே நிமிடத்திற்கு 9 மீட்டருக்கு மிகாமல் ஏற வேண்டும். ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் சும்மா நிற்க வேண்டும். புட்டியை மெல்ல மெல்லத் திறப்பது போலத்தான்.

அண்ணன் செய்த வேலை இன்னொன்றை உணர்த்துகிறது. கம்ப்ரசர் இழுக்கும் காற்று தூயதாக இருக்க வேண்டும். அதன் உறிஞ்சு குழாய் அருகே ஜெனரேட்டர்ப் புகையோ படகுப் புகையோ வந்தால், கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து சிலிண்டருக்குள் போய்விடும். கரையில் சிறு தலைவலியோடு போகக்கூடிய அளவு, முப்பது மீட்டரில் நான்கு மடங்கு அழுத்தம் பெற்று ஆளை மயக்கிவிடும். நீருக்குள் மயங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே காற்று திரும்பும்போதெல்லாம் புகை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம். பத்தாம் வகுப்பு முடித்தவர் அவர். பகுதி அழுத்தம் என்ற சொல்லை நான்தான் அவருக்குச் சொன்னேன். “ஓ, இதுக்குப் பேரு வேற இருக்கா!” என்றார்.

நீருக்குள் என்ன இருக்கிறது? முதலில் நிறம் மாறும். சிவப்பொளியை நீர் விரைவில் உறிஞ்சிவிடுவதால், ஆழத்தில் சிவப்பு மீனும் கறுத்துத் தெரியும். கைவிளக்கை அடித்தால்தான் அதன் உண்மை நிறம் வரும். வளையத்தின் வாய்க்கால்களில் நீரோட்டம் வேகமாகப் பாயும். அங்கே சுறாக்கள் கூடும். 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மூழ்குமிடத்தில் உயிரோடு திரியும் ஒரு சாம்பல் பார்ச்சுறா ஆண்டுக்கு 3,300 டாலர் வருவாய்க்குக் காரணமாகிறதென்றும், பிடித்து விற்றால் மீனவருக்குக் கிடைப்பது ஒரே தடவை 32 டாலர் என்றும் கணக்கிட்டது. 2010-இல் நாடு முழுவதும் சுறா பிடித்தலுக்குத் தடை வந்தது. பா வளையத்தின் ஹனிஃபாரு வளைகுடாவில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொம்புத்திருக்கைகள் இரைதேடிக் கூட்டமாக வரும். 2012 முதல் அங்கே சிலிண்டரோடு மூழ்கத் தடை. மேலே மிதந்தபடிதான் பார்க்கலாம்.

பயணத்தின் கடைசி நாளில் யாரும் மூழ்குவதில்லை. காரணம் மீண்டும் ஹென்றிதான். விமானத்தின் உள்ளே அழுத்தம் நிலத்தில் இருப்பதைவிடக் குறைவு. உடலில் எஞ்சிய நைட்ரஜன் அங்கே குமிழியாகலாம். பல நாள் மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டுமென்பர். அந்த இடைவெளியை நிரப்பத்தான் உல்லாசப் படகுப் பயணங்கள் பெரிதும் உதவுகின்றன. தூண்டில் மீன்பிடிப்பு, மணல்திட்டில் உணவு, ‘பொடு பெரு’ என்னும் பெரிய முரசின் ஆட்டம், மாலேயில் 1658-இல் பவளக்கல்லில் செதுக்கிக் கட்டிய வெள்ளிப் பள்ளிவாசல். பயணத் திட்ட அட்டையைக் கண்டால் கேளிக்கை போலத் தோன்றும். அதற்குள் ஒரு வாயு விதி ஒளிந்திருக்கிறது.

மாலேக்கு மேற்கே திலஃபுஷி என்றொரு தீவு உண்டு. 1992 முதல் குப்பை கொட்டியே பெருக்கப்பட்ட தீவு அது. எந்தப் பயணத் திட்டத்திலும் அதன் பெயர் இராது.

இத்தனைக்கும் அடிப்படையான பவளத்தின் நிலை என்ன? பவள உயிரின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு உணவு தருகின்றன. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தாலே போதும். பவளம் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போய் வெளுக்கும். வெப்பம் தணியாவிட்டால் பட்டினியால் இறக்கும். 1998-இல் எல்நினோ வெப்பத்தால் மாலத்தீவின் ஆழங்குறைந்த பார்களில் பெரும்பகுதிப் பவளம் மடிந்தது. மெல்லத் தேறி வந்தது. 2016-இல் மீண்டும் அடி. 2024-இல் உலகளாவிய வெளிறல் மறுபடியும் அறிவிக்கப்பட்டது. 2009 அக்டோபர் 17-இல் அந்நாட்டு அமைச்சரவை ஸ்கூபா உடையணிந்து கடலடியில் கூடிக் கையொப்பமிட்டதை நாடகம் என்று நகைத்தவர்கள் உண்டு. நாடகந்தான், ஆனால் மேடை பொய்யில்லையே!

பவளம் போனால் அழகு மட்டுமா போகும்? கடற்கரை மணல் எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள். கிளிமீன் தன் அலகால் பாரைச் சுரண்டி, பாசியைத் தின்று, சுண்ணாம்பை அரைத்துக் கழிவாக வெளியேற்றுகிறது. அதுதான் மணல்! வக்காரு என்ற தீவில் செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வொன்று, பாரில் புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டிற்கு மேல் கிளிமீன் தந்ததே என்று கண்டது. தேனிலவுத் தம்பதியர் காலாற நடப்பது எதன்மேல் என்று சொன்னால் அவர்கள் முகம் சுளிக்கக்கூடும்.

இந்த மணல் ஓரிடத்தில் நிற்பதுமில்லை. தென்மேற்குக் காற்றில் தீவின் கிழக்குப் பக்கம் சேரும். வடகிழக்குக் காற்றில் மேற்கே திரும்பும். ஆண்டுதோறும் தீவைச் சுற்றி வருவது அதன் இயல்பு. விருந்தினர் அறைக்கு எதிரே மணல் எந்நாளும் வேண்டும் என்பதற்காகச் சில விடுதிகள் கல்வரிசை போட்டு அதைத் தடுக்கின்றன. தடுத்த பக்கம் தங்கும். அடுத்த பக்கம் கரை அரிக்கும். அரித்த இடத்தை நிரப்ப, உட்கடலின் அடியிலிருந்து மணலைப் பம்பு வைத்து உறிஞ்சிக் கொட்டுவர். நீர் கலங்கும், பாசிக்கு வெளிச்சம் குறையும், வண்டல் மெல்லப் பவளத்தின் மேல் படியும். மறுநாள் காலை அதே விடுதியின் விருந்தினர், சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மூழ்கிப் பார்க்கப்போவதும் அந்தப் பாரைத்தான்.