புகைபோக்கி இல்லாத நஞ்சு

போன மாதம் எங்கள் வட்டாரக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது, நகரத்தை ஒட்டிக் கீரை போடுகிற தம்பி ஒருவர் நாலு இலையைக் கையில் கொடுத்தார்.

"அண்ணே, இலை வெளிறிப் புள்ளி புள்ளியா விழுது. வேப்பங்கொட்டைக் கரைசல் மூணு தடவ அடிச்சிட்டேன், கேக்கவே இல்ல. என்னதான் அடிக்கிறது?"

புரட்டிப் பார்த்தேன். அடியில் சிலந்திப்பேன் இல்லை, பூஞ்சணமும் இல்லை. நாலு இலையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் நகரத்துக் காற்றையும் சந்தேகப்பட வேண்டும் என்று தோன்றியது. குறிப்பாக, ஓசோனை.

உயர வானத்தில் இருக்கும் ஓசோன் நமக்குக் குடை. அதுவே நாம் மூச்சுவிடும் உயரத்தில் இருந்தால் நஞ்சு. நெஞ்சை எரிக்கும், இலைத்துளை வழியே புகுந்து பயிரையும் கெடுக்கும். புள்ளி எதுவும் தெரியாமலே மகசூல் குறைவதும் உண்டு.

ஆனால் இதை விடுகிறவர் யார் என்று கைகாட்டுவது கடினம். புகைபோக்கியிலிருந்து ஓசோன் நேரடியாக வருவதில்லை. வண்டி, ஜெனரேட்டர், அனல்மின் நிலையம் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஒரு பக்கம். பெட்ரோல் ஆவி, பெயின்ட், தின்னர், குப்பைப் புகையிலிருந்து கிளம்பும் கரிம ஆவிகள் இன்னொரு பக்கம். இரண்டும் வெயிலில் வினைபுரிந்துதான் ஓசோன் உருவாகிறது.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இதில் பட்ட பாடு நமக்குப் பாடம். 1943 கோடையில் அங்கே கண் எரியும் புகைமூட்டம் கவிந்தது. பக்கத்திலிருந்த செயற்கை ரப்பர் தொழிற்சாலைதான் காரணம் என்றார்கள். அதைக் கட்டுப்படுத்தியும் புகைமூட்டம் போகவில்லை. அடுத்து, கந்தகப் புகை என்றார்கள். ஆனால் சுற்றுவட்டார வயல்களில் பசலைக்கீரையும் பீட்ரூட்டும் காட்டிய காயம், கந்தகப் புகை உண்டாக்கும் காயம் போல இல்லை. அந்தப் பயிர்க் காயத்தையும் ஒரு தடயமாக எடுத்துக்கொண்டவர் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட். பெட்ரோல் ஆவியையும் ஓசோனையும் கலந்து கூண்டுக்குள் செடிகள்மேல் செலுத்தினார். வயலில் கண்ட அதே காயம் வந்தது. வண்டிப் புகையிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் இருந்து வருபவை வெயில் பட்டு ஓசோனாவதை 1950களின் தொடக்கத்தில் காட்டினார். எண்ணெய்த் தொழில் தரப்பு லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் பயிர் பொய் சொல்லவில்லை.

மூலத்தைத் தெரிந்துகொண்டாலும் எதை முதலில் குறைப்பது? இதை உழவருக்கு விளக்குவது சுலபம். எந்தச் சத்து பற்றாக்குறையோ அதுதானே மகசூலைத் தீர்மானிக்கும்? ஓசோனும் அப்படித்தான். நெரிசலான நகரத்தில் நைட்ரஜன் ஆக்சைடு தேவைக்கு மேல் கிடக்கும். அங்கே அதைக் கொஞ்சம் குறைத்தால் ஓசோன் ஏறக்கூட வாய்ப்புண்டு. லாஸ் ஏஞ்சலசில் லாரி குறைவாக ஓடிய ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசோன் கூடியது. 2020 ஊரடங்கில் சீன நகரங்கள் பலவற்றிலும் அதே கதை. அப்படிப்பட்ட இடத்தில் கரிம ஆவிகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கிராமப்புறத்தில் பெரும்பாலும் நிலைமை தலைகீழ்: நைட்ரஜன் ஆக்சைடு குறைந்தால் ஓசோனும் குறையும்.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. நகரச் சாலையில் வண்டி விடும் புத்தம்புதுப் புகை அங்குள்ள ஓசோனைத் தின்றுவிடும். அந்தக் காற்று நகர்ந்து வரவர, வெயிலில் மறுபடி ஓசோன் கூடும். ஆகவே காற்று போகும் திசையில் இருக்கும் வயலுக்கு நகரத்தைவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம். வண்டி ஓடுவது அங்கே, இலை கருகுவது இங்கே. நம் நாட்டு வரம்பு எட்டு மணி நேரச் சராசரியாக கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். நகர நடுவில் மட்டும் கருவி வைத்து அளந்தால் நம் வயல் கணக்கில் வராது. காற்றோட்டத் திசையிலுள்ள கிராமங்களிலும் அளக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

கேட்கும்போது நம் கையும் சுத்தமாக இருக்கட்டும். தாள் எரிக்கும் புகையிலும் இரண்டு மூலப்பொருளும் உண்டு. யூரியா கொட்டிய மண்ணும் நைட்ரிக் ஆக்சைடு விடும்.

தம்பியிடம் சொன்னது இதுதான்: "இனி எதையும் அடிக்காதீங்க. புள்ளி மேல்பக்கத்துல, நரம்புகளுக்கு நடுவுல, முத்தின இலையில முதல்ல வருதான்னு பாருங்க. அப்படி வந்தா ஓசோன் சந்தேகம் பலமாகும். தேதி, வெயில், காத்து திசை எல்லாத்தையும் நோட்டுல குறிச்சிட்டு வாங்க."

அடுத்த கூட்டத்துக்கு நீங்களும் அப்படி ஒரு நோட்டோடு வாருங்கள்.