முதுகுக்குப் பின்னால் எரியும் விளக்கு

சைக்கிளின் முன்விளக்கு அணைந்தால் ஓட்டுபவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும், பாதை இருட்டிவிடும். பிரேக் தளர்ந்தால் கை சொல்லும், செயின் கழன்றால் கால் சொல்லும், டியூபில் காற்று இறங்கினால் உட்கார்ந்திருக்கும் இடமே சொல்லிவிடும். பின்விளக்கு மட்டும் எதையும் சொல்லாது. வீடு வந்து ஸ்டாண்ட் போட்டு இறங்கிப் பார்த்தால்தான் அது வழியில் எங்கோ அணைந்துபோனது தெரியவரும். அதுவரை ஓட்டியவர் விளக்கு எரிகிற தைரியத்திலேயே, லாரிகள் போகும் சாலையின் ஓரத்தில் வந்திருப்பார். விளக்கே இல்லாதவர் ஒதுங்கி ஒதுங்கியாவது போவார். அணைந்த விளக்கை நம்புகிறவர் ஒதுங்கவும் மாட்டார். அதனால்தான் பின்விளக்கு வாங்கப் போகும்போது ‘எவ்வளவு வெளிச்சம் தரும்?’ என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ள வேண்டும். ‘எந்தெந்தக் காரணத்தால் இது அணையும்?’ என்பதே முதல் கேள்வி.

விளக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. எதிரில் ஏதோ இருக்கிறது என்று கண்ணுக்குப் பட்டு, புத்திக்கு உறைத்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்று வைத்தால், அதற்குள்ளேயே 25 மீட்டர் போய்விடும். பிறகு உலர்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டராவது வேண்டும். ஆக மொத்தம் 45 மீட்டர். மழை பெய்த சாலையில் அதற்கும் மேல். தாழ்த்திய ஹெட்லைட்டில், கருநிறச் சட்டை போட்ட ஒரு சைக்கிள்காரர் கண்ணுக்குத் தட்டுப்படுவதே பெரும்பாலும் அந்தத் தூரத்தில்தான், பல நேரம் அதற்கும் கிட்டத்தில்தான். எதிரே வரும் வண்டியின் ஒளி கண்ணைக் கூசவைத்தால் அதுவும் இல்லை. ஒழுங்காக எரியும் சிவப்பு விளக்கோ சில நூறு மீட்டர் தள்ளியே தெரியும். ஓட்டுநருக்கு அது பத்து நொடிக்கு மேல் அவகாசம் வாங்கித் தருகிறது. 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்பது மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அவர்களில் சைக்கிளில் போனவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. நவம்பர் கடைசியில் சென்னையில் ஐந்தேமுக்காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. சிறப்பு வகுப்பு முடிந்து வரும் பிளஸ் ஒன் மாணவியும், ஷிப்ட் முடிந்து திரும்பும் மில் தொழிலாளியும் அந்த மழைக்கால இருட்டில்தான் மிதித்து வருகிறார்கள்.

‘பின்னால்தான் ரிஃப்ளெக்டர் இருக்கிறதே, அது போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. நம் சட்டமும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்கிறது. சைக்கிள்களில் பொருத்தும் ரிஃப்ளெக்டர்கள் தரச்சான்று பெற்றிருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2020இல் ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. அது பேசுவது ரிஃப்ளெக்டரைப் பற்றி, விளக்கைப் பற்றி அல்ல. மோட்டார் வாகனமாகக் கருதப்படாத, 250 வாட்டுக்குக் குறைந்த மின்சார சைக்கிளுக்கும் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இருக்க வேண்டும் என்றே மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. ஆனால் ரிஃப்ளெக்டருக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னால் வருபவரின் விளக்கை வாங்கித் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். ஒற்றைக் கண்ணோடு வரும் வண்டியிலும், சாலை வளைவிலும், சந்திலிருந்து திரும்பும் வண்டியிலும் அந்த ஒளி அதன்மேல் விழாமலே போகலாம். மட்கார்டு அடிபட்டு வளைந்திருந்தால் ரிஃப்ளெக்டர் வானத்தைப் பார்க்கும். சேறு பூசியிருந்தால் எதையும் பார்க்காது. அதற்காக அதைக் கழற்றி எறியவும் கூடாது. பேட்டரி தீர்ந்து அணைகிற பேச்சே அதற்கு இல்லை. விளக்கு கெடும் காரணம் வேறு, ரிஃப்ளெக்டர் கெடும் காரணம் வேறு. இரண்டும் ஒரே இரவில் கைவிடுவது அரிது. ஆகவே விளக்கைத் துணையாகவும், துடைத்து நேராக வைத்த ரிஃப்ளெக்டரைத் துணைக்குத் துணையாகவும் கொள்வதே சரி.

விளக்கால் உண்மையில் விபத்து குறைகிறதா என்று டென்மார்க்கின் ஓடன்ஸ நகரில் சோதித்துப் பார்த்தார்கள். 1,845 பேரின் சைக்கிள்களில் எப்போதும் எரியும் விளக்குகளைப் பொருத்தி, அவை இல்லாத 2,000 பேரோடு ஓராண்டு ஒப்பிட்டார்கள். விளக்கு பொருத்தியவர்களிடையே காயம் ஏற்படுத்திய விபத்துகளின் விகிதம் 19 சதவீதம் குறைவாக இருந்தது. விபத்து விவரத்தைச் சைக்கிள் ஓட்டியவர்களே பதிவுசெய்தார்கள் என்பதால் அந்த எண்ணைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அங்கே பொருத்திய விளக்கின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். சக்கரக் கம்பியில் கட்டிய காந்தம் சுற்றும்போது பிறக்கும் மின்சாரத்தில் அது எரியும். பேட்டரி தீராது, சுவிட்ச் போட மறக்கவும் முடியாது. நம் ஊரில் ஒரு காலத்தில் டயரை உரசிக்கொண்டு ஓடிய 6 வோல்ட், 3 வாட் டைனமோவின் நற்குணமும் அதுதான். அதன் குறை வேறு: சைக்கிள் நின்றால் விளக்கும் நின்றுவிடும், பின்விளக்குக்குப் போகும் ஒற்றை வயர் எங்கோ அறுந்துபோகும், அது ஓட்டுபவருக்குத் தெரியாது. சக்கரத்தின் அச்சிலேயே அமைந்த இன்றைய டைனமோக்களோடு வரும் நல்ல பின்விளக்கு, மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டு, சிக்னலில் நிற்கும்போதும் சில நிமிடம் எரியும். இந்தியாவில் அவை இன்னும் பரவலாகக் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். பெரும்பாலோருக்குப் பேட்டரி விளக்குதான் கதி என்பதால் அதைத் தேர்ந்தெடுக்கும் வழியைப் பார்ப்போம்.

பேட்டரி விளக்கு மூன்று வழியில் ஏமாற்றும்: மின்சாரம் தீரும், தண்ணீர் புகும், குலுங்கி அணையும். பொத்தான் பேட்டரியில் எரியும் சிறு விளக்குகள் மலிவு. ஆனால் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்குவதால் எப்போது உபயோகமற்றுப் போனது என்றே தெரியாது. ரிமோட்டில் போடுகிற மெல்லிய பேட்டரி எடுக்கும் விளக்கு கிராமத்துக்கு ஏற்றது. பெட்டிக்கடையிலேயே மாற்று கிடைக்கும். யூஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் விளக்கு தினமும் ஓட்டுபவருக்கு லாபம். ஆனால் சார்ஜ் குறைவதை முன்கூட்டியே காட்டும் சிறு அடையாள விளக்கு அதில் இருக்க வேண்டும். அட்டையில் ‘20 மணி நேரம்’ என்று போட்டிருந்தால் எந்த நிலையில் என்று பாருங்கள்; மினுக்கும் நிலைக்கு 20 என்றால், தொடர்ந்து எரியும் நிலைக்கு நாலைந்து மணி நேரமாகவும் இருக்கலாம். தண்ணீருக்கு ஐபிஎக்ஸ் என்ற குறியீடு உண்டு: ஐபிஎக்ஸ்4 என்றால் நாலாபக்கச் சாரலைத் தாங்கும், ஐபிஎக்ஸ்6 என்றால் பீய்ச்சி அடிக்கும் நீரைத் தாங்கும். பின்சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீர் நேராக விளக்கின் மேல்தான் விழும் என்பதால் பின்னதே நம் மழைக்கு நல்லது. சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடி இறுக்கமாக உட்காருகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். அது பிளந்தால் குறியீடு வெறும் எழுத்துதான். கடைசியாக, விளக்கை எரியவிட்டு உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுங்கள். சிமிட்டினாலோ அணைந்தாலோ உள்ளே ஸ்பிரிங் பேட்டரியைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். கடைக்காரர் மேசையில் சிமிட்டியது வேகத்தடையில் கட்டாயம் அணையும்.

எங்கே பொருத்துவது என்பதிலும் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. சந்தையில் வரும் விளக்குகள் பெரும்பாலும் சீட்டுக்குக் கீழுள்ள கம்பியில் மாட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. கேரியர் இல்லாத பந்தய சைக்கிளுக்கு அது பொருந்தும். நம் சைக்கிளிலோ அந்தக் கம்பிக்கு நேர் பின்னால் கேரியர். கேரியரில் புத்தகப்பை, தண்ணீர்க் குடம், வாழை இலைக்கட்டு, பால் கேன், சில வேளை இன்னோர் ஆள். எவ்வளவு உயர்ந்த விளக்கானாலும் சாக்குக்கு முன்னால் எரிந்து என்ன பயன்? ஆகவே விளக்கின் இடம் கேரியரின் பின்முனை அல்லது பின் மட்கார்டு. ரப்பர் பட்டையில் மாட்டும் விளக்கு வெயிலில் காய்ந்து, ஒருநாள் பட்டை அறுந்து, சத்தமில்லாமல் சாலையில் விழுந்துவிடும். நட்டுபோல்ட்டில் இறுக்குவது நீடிக்கும். சைக்கிள் கடையில் ஒரு தகட்டை வளைத்துத் துளை போட்டுக் கொடுக்கச் சொன்னால் வேலை முடிந்தது. பொருத்தியபின் கேரியரில் வழக்கமான சுமையை ஏற்றிவிட்டு, நூறடி பின்னால் போய் நின்று நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். இரண்டு கோணத்திலும் தெரிய வேண்டும்.

‘வெளிச்சம் கூடினால் பாதுகாப்பும் கூடாதா?’ என்ற வாதம் ஓரளவுக்குத்தான் சரி. லூமென் எண்ணைப் பெட்டியில் அச்சடிப்பது எளிது. ஒளி எந்தப் பக்கம் பாய்கிறது என்பதை அந்த எண் சொல்வதில்லை. பின்னால் வருபவரின் கண்ணைக் குத்தும் விளக்கு, சைக்கிள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற மதிப்பீட்டையே கெடுத்துவிடும். மினுக்கும் விளக்கு கவனத்தை இழுக்கும், தூரத்தை மதிப்பிட உதவாது. தொடர்ந்து எரியும் விளக்கு அதற்கு உதவும். ஜெர்மனியில் சைக்கிள் பின்விளக்கு மினுக்கவே கூடாது. பிரிட்டனில் 2005 முதல் மினுக்க அனுமதி உண்டு. இரண்டு நாட்டிலும் யோசித்துத்தான் விதி செய்திருக்கிறார்கள் என்பதால், மினுக்கலில் கட்சி கட்டுவது தேவையில்லை. முடிந்தவர்கள் சிறு விளக்கு இரண்டைப் பொருத்தி ஒன்றைத் தொடர்ந்தும் மற்றதை மினுக்கியும் விடலாம். ஒன்று அணைந்தாலும் மற்றது எரியும் என்பதே இதில் பெரிய லாபம். நீலமும் பச்சையுமாகச் சுழலும் அலங்கார விளக்குகளைப் பின்னால் போடாதீர்கள். பின்புறத்துக்குச் சிவப்பு ஒன்றே மொழி.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. இடிப்பது கார், செலவு செய்ய வேண்டியது மட்டும் சைக்கிளில் போகும் ஏழையா? நியாயமான கேள்வி. 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், நடந்து செல்வோர், சைக்கிள் ஓட்டுவோர் போன்றோரிடம் வாகன ஓட்டுநர்கள் தனிக் கவனம் காட்ட வேண்டும் என்கின்றன. சைக்கிளில் விளக்கில்லை என்பது எவருக்கும் மோத உரிமை தராது. தெருவிளக்கு எரியவைப்பதும் சைக்கிளுக்குத் தனிப் பாதை தருவதும் அரசின் கடமை. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பாதை வரும்வரை இன்றிரவு வீட்டுக்குப் போயாக வேண்டுமே. அதோடு, இழப்பீட்டு வழக்கு என்று வந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் தரப்பு ‘பின்னால் விளக்கு இருந்ததா?’ என்று கேட்டு, விபத்தில் சைக்கிள்காரருக்கும் பங்குண்டு என்று வாதாடித் தொகையைக் குறைக்கப் பார்க்கும். எரிந்த விளக்கு உயிருக்கு மட்டுமல்ல, உரிமைக்கும் சாட்சி.

விளக்கு ஏமாற்றினால் வாங்கியவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர் முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம் ஆண்டு, புகார் தொடர்பு எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்டத்தின் விதி. இவை இல்லாத பெட்டியை வாங்காமலிருப்பதே முதல் தற்காப்பு. பில் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் புகாது என்று அச்சிட்ட விளக்கு முதல் மழையிலேயே செத்தால், அது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குறைபாடுள்ள பொருள். பொய்யான தரம் சொல்லி விற்றது முறையற்ற வணிகம். கடையில் பேசித் தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். இணையத்தில் வாங்கியிருந்தால், விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். 5 லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமலே வாதாடலாம். முந்நூறு ரூபாய் விளக்குக்கு யார் அலைவது என்று தோன்றும். ஆனால் அந்த விளக்கால் ஒருவருக்குக் காயம் பட்டால் வழக்கு முந்நூறு ரூபாய்க்கானது அல்ல. தயாரிப்பாளரின் பொறுப்பையே அச்சட்டத்தின் கீழ் கேட்கலாம்.

விபத்தே நேர்ந்துவிட்டால் முதல் அழைப்பு 108. தமிழ்நாட்டில் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும் உண்டு. காவல்நிலையத்தில் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். சைக்கிளையும் விளக்கையும் படம் எடுத்து, பழுதுபார்க்காமல் அப்படியே வையுங்கள். இடித்த வண்டி தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 2019 சட்டத் திருத்தம் அதற்கு ஆறு மாதக் கெடு வைத்திருப்பதால் தள்ளிப்போடக் கூடாது. வண்டி நிற்காமல் போயிருந்தாலும் கை விரிக்க வேண்டியதில்லை: இறப்புக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 ரூபாய் தரும் திட்டம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பலருக்கு இது தெரியாததால்தான் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இத்தனை சட்டமும் விபத்துக்குப் பிறகு வருபவை. அதற்கு முன்னால் செய்யக்கூடியது, செலவே இல்லாத ஒரு பழக்கம்: பெடலில் கால் வைக்குமுன் ஒருமுறை பின்னால் போய்ப் பாருங்கள். வழியில் டீக்கடையில் நின்றாலும் புறப்படுமுன் இன்னொரு முறை. உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளை இருந்தால், இன்று இருட்டியதும் அந்தச் சைக்கிளை வாசலில் நிறுத்தி, பையைக் கேரியரில் வைத்து, தெருமுனைக்குப் போய்த் திரும்பிப் பாருங்கள். சிவப்பாக ஏதும் தெரியவில்லையென்றால் நாளை மாலைக்குள் அதைச் சரிசெய்துவிடுங்கள்.