குடல் அழற்சி நோயில் எம்.ஆர்.ஐ. பரிசோதனை: ஏன், எப்படி?

கிரோன் நோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் சிலர், வயிற்றுவலியும் பேதியும் அடங்கிய சில மாதங்களிலேயே நோய் குணமாகிவிட்டது என்று எண்ணி மருந்தை நிறுத்திவிடுகின்றனர். வலி நிற்பது வேறு. குடற்சுவர் ஆறுவது வேறு. வெளியே எந்தத் தொல்லையும் தெரியாத நிலையிலும் உள்ளே அழற்சி தொடர்ந்து, குடல் சுருங்கிக்கொண்டே போகக்கூடும். நன்றாக இருக்கும்போதும் மருத்துவர் எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு எழுதித் தருவதற்குக் காரணம் இதுவே.

பெருங்குடல் புண் அழற்சி நோய் பெருங்குடலின் உட்படலத்தை மட்டும் தாக்குகிறது. அதைக் காண கொலோனோஸ்கோபியே பெரும்பாலும் போதும். கிரோன் நோய் அப்படியன்று. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் தோன்றலாம்; குடற்சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவும்; பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியைத் தாக்கும். சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். வாய்வழி செலுத்தும் வழக்கமான எண்டோஸ்கோபி அதன் தொடக்கத்தை மட்டுமே காணும். கொலோனோஸ்கோபி கடைசிச் சில சென்டிமீட்டர்களை எட்டும். இடைப்பட்ட பகுதியையும், சுவரின் உட்புறம், வெளிப்புறம் இரண்டையும் காட்டுவது எம்.ஆர். எண்டரோகிராபி எனப்படும் குடல் எம்.ஆர்.ஐ.

சி.டி. ஸ்கேனும் இவற்றைக் காட்டும். ஆனால் அதில் எக்ஸ் கதிர்வீச்சு உண்டு. இந்நோய் பெரும்பாலும் இளம் வயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் தொடர்வதால், திரும்பத் திரும்பப் படம் எடுக்க நேரிடும். எம்.ஆர்.ஐ.யில் இக்கதிர்வீச்சு இல்லை. எனினும் திடீர்க் கடும் வயிற்றுவலி, குடல் அடைப்பு போன்ற அவசர நிலைகளில் விரைவாக முடியும் சி.டி.யே ஏற்றது. அப்போது எம்.ஆர்.ஐ.தான் வேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள்.

நன்கு விரிந்த நிலையில் சிறுகுடற்சுவரின் தடிமன் சாதாரணமாக 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. அழற்சியுள்ள சுவர் தடித்து, நீர் கோத்து, ஊசிவழிச் செலுத்தும் மருந்தை மிகுதியாக ஏற்றுப் படத்தில் பளிச்சென்று தெரியும். அதை நோக்கிச் செல்லும் இரத்தக் குழாய்கள் சீப்பின் பற்களைப் போல வரிசையாக நிற்கும். குடல் சுருங்கியிருந்தால், அது வீக்கத்தால் வந்ததா, தழும்பால் வந்ததா என்பதே முக்கியமான கேள்வி. வீக்கம் மருந்துக்கு அடங்கும், தழும்பு அடங்காது. அதற்குப் பலூன் கொண்டு விரிப்பதோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம். ஒரே இடத்தில் இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. அப்போது படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது. வயிற்றுக்குள் சீழ்க்கட்டி தெரிந்தால், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளுக்கு முன்பே அதற்குச் சிகிச்சை அளிக்க வேண்டும். ஆசனவாய் அருகே சீழோ கசிவோ இருந்தால் கூச்சமின்றிக் கூறுங்கள். அதற்கு இடுப்புப் பகுதிக்கெனத் தனி எம்.ஆர்.ஐ. தேவை.

நம் நாட்டில் மற்றொன்றையும் கருத வேண்டியுள்ளது. குடல் காசநோயும் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தையே பெரும்பாலும் தாக்குகிறது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். காசநோய்க்கு ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கிருமி பெருகிவிடும். ஆகவே எம்.ஆர்.ஐ. முடிந்த பிறகும் திசுப் பரிசோதனைக்குக் கூறினால், ஒரே சோதனையைத் திரும்பச் செய்வதாக நினைக்க வேண்டாம்.

பரிசோதனைக்கு முன் பொதுவாக 4 முதல் 6 மணி நேரம் உண்ணக் கூடாது. பிறகு மானிட்டால் போன்றவை கலந்த நீரை 1 முதல் 1.5 லிட்டர் வரை, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். குடிப்பது எளிதன்று, ஆனால் குடல் விரியாவிட்டால், மடிந்து கிடக்கும் நல்ல குடலும் தடித்ததுபோலத் தெரியும். வாந்தியோ வயிற்று உப்புசமோ இருந்தால் குடிப்பதற்கு முன்பே தெரிவியுங்கள். பின்னர் சில மணி நேரம் பேதியாகலாம். அது தானே நிற்கும். குடல் அசைவை நிறுத்த ஓர் ஊசி போடப்படும். கண் அழுத்த நோய், இதய நோய், சிறுநீர் அடைப்பு உள்ளோர் இதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். சிறிது நேரம் பார்வை மங்கலாம். திரும்பும்போது வண்டி ஓட்டாதீர்கள்.

இயந்திரத்துக்குள் சுமார் 30 முதல் 45 நிமிடங்கள் படுத்திருக்க வேண்டும். சத்தம் பலமாக இருக்கும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். சொல்லும்போது 15 முதல் 20 நொடிகள் மூச்சை அடக்க வேண்டும். பேஸ்மேக்கர், செவியினுள் பொருத்திய கருவி, கண்ணில் இரும்புத் துகள் ஆகியவற்றை மறைக்காதீர்கள். தாயத்து, வெள்ளி அரைஞாண், மெட்டி அனைத்தையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்குவோர் மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றை அணிந்து வரலாம். ஊசிவழிச் செலுத்தும் கேடோலினியம் மருந்தைச் சிறுநீரகப் பாதிப்பு உள்ளோருக்கு மிகுந்த கவனத்துடனேயே தருவர். கருவுற்றவர்களுக்கு இயன்றவரை தவிர்ப்பர்.

வரும்போது முந்தைய ஸ்கேன் படங்களையும் குறுந்தகட்டையும் மறவாமல் எடுத்து வாருங்கள். சென்ற ஆண்டு 8 மில்லிமீட்டராக இருந்த சுவர் இப்போது 5 ஆகியிருக்கிறதா, 10 ஆகியிருக்கிறதா என்பதைப் பழைய படம் கையில் இருந்தால்தான் கூற இயலும். மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்பதை மருத்துவர் அதைக் கொண்டே முடிவு செய்வார்.