6174 என்னும் எண்

3524 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இலக்கங்களை இறங்குவரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதியதைக் கழியுங்கள். 5432 − 2345 = 3087. வந்த விடையையும் அப்படியே செய்தால், 8730 − 0378 = 8352. இன்னொரு முறை: 8532 − 2358 = 6174. இதற்குமேல் எத்தனை தடவை செய்தாலும் 6174தான்! நான்கு இலக்கங்களும் ஒன்றாயிராத எந்த நாலிலக்க எண்ணும் ஏழு படிகளுக்குள் இங்கேதான் வந்து நிற்கும்.

1949இல் இதனைக் கண்டுரைத்த கப்ரேகர், நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பாடசாலை ஆசிரியர். பட்டப்பின் படிப்பில்லாதவர். இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டென்று கணித அறிஞர் பலர் ஒதுக்கினர். (விளையாட்டேதான், அதிலென்ன குறை?) 1975இல் மார்ட்டின் கார்ட்னர் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய பின்னரே அவர் பெயர் உலகெங்கும் பரவியது. அப்போது கப்ரேகருக்கு வயது எழுபது.